பத்து லட்சம் எங்கே போனது?

முதலில் ஒரு கணக்கைப் போட்டுவிடுவோம்.

32 வயதுக் கொத்தனார் ஒருவர். வேலை முடிந்து பைக்கில் வரும்போது லாரி மோதி இறந்துவிடுகிறார். மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா என்று நான்கு பேர் அவர் சம்பாத்தியத்தை நம்பி இருந்தவர்கள். மாதம் 15,000 ரூபாய் சம்பாதித்தார் என்று விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் ஏற்றுக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சொந்தமாகத் தொழில் செய்பவர், வயதும் நாற்பதுக்குக் கீழே. அதனால் எதிர்கால வருமான உயர்வுக்கு 40 சதவீதம் கூட்டினால் 21,000. அவருடைய சொந்தச் செலவுக்கு நாலில் ஒரு பங்கைக் கழித்தால் 15,750. ஆண்டுக்கு 1,89,000. வக்கீல்கள் ‘மல்டிபிளையர்’ என்று சொல்லும் பெருக்கு எண் அந்த வயதுக்கு 16. ஆக, குடும்பத்தின் வருமான இழப்பு 30,24,000 ரூபாய்.

அதே கொத்தனார், அதே லாரி, அதே நான்கு பேர். ஆனால் வருமானத்துக்கு உருப்படியான சாட்சியம் இல்லை என்று சொல்லி, தீர்ப்பாயம் மாதம் 10,000 என்று தானாக ஒரு தொகையை வைத்துக்கொள்கிறது. இப்போது வருவது 20,16,000 ரூபாய். வித்தியாசம் பத்து லட்சத்து எட்டாயிரம்.

இதில் சட்டம் மாறவில்லை. நீதிபதிக்கு மனசு மாறவில்லை. முதல் கணக்கில், அவருக்குத் தினக்கூலி கொடுத்த மேஸ்திரியை வக்கீல் கூண்டில் ஏற்றினார். கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டையைத் தாக்கல் செய்தார். வங்கிப் பாஸ்புக்கில் வாராவாரம் விழுந்த பணத்தைக் காட்டினார். இரண்டாவதில், மனைவியை மட்டும் கூண்டில் ஏற்றி, “என் கணவர் மாதம் முப்பதாயிரம் சம்பாதித்தார்” என்று சொல்ல வைத்து இறக்கிவிட்டார். குறுக்கு விசாரணையில் இன்சூரன்ஸ் வக்கீல் கேட்டது ஒரே கேள்வியாக இருந்திருக்கும்: அதற்கு ஆவணம் இருக்கிறதா அம்மா?

2022-இல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் நடந்தன; அந்த ஆண்டு இந்தியாவிலேயே அதிகம். இறந்தவர்கள் 17,884 பேர். கை கால் இழந்தவர்கள் இந்த எண்ணில் இல்லை. இந்தக் குடும்பங்களில் பல ஏதோ ஒரு கட்டத்தில் ஒரு வக்கீலின் வக்காலத்தில் கையெழுத்துப் போடுகின்றன. பெரும்பாலும் அந்தக் கையெழுத்து, அந்த வக்கீல் யார், இதற்கு முன் என்ன செய்திருக்கிறார் என்று தெரியாமலே விழுகிறது. ஒரு ஸ்கூட்டர் வாங்க நாலு கடை ஏறி இறங்குகிற நாம், வாழ்க்கையில் ஒரே முறை வரும் முப்பது லட்ச ரூபாய் வழக்கை, ஆஸ்பத்திரி வராந்தாவில் அறிமுகமான ஒருவரிடம் கொடுத்துவிடுகிறோம்.

விளம்பரம் இல்லாத தொழில்

அமெரிக்காவில் விபத்து வக்கீலின் படம் நெடுஞ்சாலைப் பலகையிலும் பஸ்ஸின் முதுகிலும் சிரித்துக்கொண்டிருக்கும். அரிசோனா மாநில வழக்கு ஒன்றில் 1977-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வக்கீல் விளம்பரத்துக்கு வழிவிட்ட பிறகு வந்த காட்சி அது. வென்றால்தான் ஃபீஸ், வரும் தொகையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு என்பதும் அங்கே சட்டப்படியான ஒப்பந்தம்.

இங்கே இரண்டும் கூடாது. இந்திய பார் கவுன்சில் விதிகளில் 36-ஆவது விதி, வக்கீல் விளம்பரம் செய்வதையும் வழக்குப் பிடிப்பதையும் தடுக்கிறது. 2008-இல் ஒரு சின்னத் தளர்வு வந்தது: இணையதளத்தில் பெயர், முகவரி, பதிவு எண், படிப்பு, எந்த வகை வழக்குகள் நடத்துகிறார் என்பதை மட்டும் போட்டுக்கொள்ளலாம். ‘நூறு வழக்கில் வென்றேன்’ என்று போட முடியாது. 20-ஆவது விதி, வழக்கின் முடிவைப் பொறுத்து ஃபீஸ் பேசுவதையும் கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதையும் தடுக்கிறது. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போய், வக்கீல் சேவையைக் கடைச்சரக்குப் போல இணையத்தில் விற்பதையும், வக்கீல்களுக்கு நட்சத்திரக் குறி போட்டு மதிப்பெண் கொடுப்பதையும் கடுமையாகக் கண்டித்தது. நடவடிக்கை எடுக்கும்படி பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது.

விதியின் நோக்கம் நல்லதுதான். ஆனால் தெருவில் நடப்பது வேறு. தலைவர் பிறந்தநாளுக்கு வைத்த ஃப்ளெக்ஸில் கறுப்பு கோட்டுப் படம் ஆளுயரத்துக்கு நிற்கிறது. காரின் முன்கண்ணாடியில் ஸ்டிக்கர் மின்னுகிறது. இவை வாழ்த்து, அடையாளம் என்ற கணக்கில் போய்விடுகின்றன. ஒழுங்காக விதியைப் பின்பற்றுகிற வக்கீலோ வாயைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறார். விளைவு என்ன? வக்கீலின் திறமை பற்றிய தகவல், அதைச் சொல்வதால் ஆதாயம் அடைகிறவர்கள் வாய் வழியாக மட்டுமே பாதிக்கப்பட்டவரை வந்தடைகிறது.

அரசு மருத்துவமனை விபத்துப் பிரிவு வாசலில் நிற்கும் புரோக்கர், எஃப்.ஐ.ஆர். நகல் வாங்கித் தருகிறேன் என்று வரும் ஆள், ஆம்புலன்ஸ் பக்கம் நிற்கும் இன்னொருவர், ஊர்க்காரர் என்று சொல்லிக்கொண்டு வரும் வக்கீல் குமாஸ்தா. எல்லோருமே ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள்: “நம்ம சார்கிட்ட குடுங்க, கோர்ட்ல நல்ல பேரு.” அந்தப் பேர் எங்கே இருந்து வந்தது என்று கேட்க, மகனை ஐ.சி.யூ.வில் வைத்திருக்கும் அப்பாவுக்குத் தெம்பு இருக்காது.

இன்னொரு வகைப் பேரும் உண்டு. “அவருக்கு ஸ்டேஷன்ல ஆள் இருக்கு, இன்சூரன்ஸ் ஆபீஸ்லயும் ஆள் இருக்கு.” இதைச் சொல்லி வந்தால் எழுந்து போய்விடுவது நல்லது என்பது என் கருத்து. இன்சூரன்ஸ் இல்லாத வண்டிக்குப் பதில் இன்சூரன்ஸ் உள்ள வண்டியை எழுதிக்கொள்ளலாம், லைசென்ஸ் இல்லாதவருக்குப் பதில் அண்ணனை டிரைவராகக் காட்டலாம் என்பதெல்லாம் அந்த ‘ஆள் இருக்கு’ பேச்சின் அடுத்த வரி. உத்தரப் பிரதேசத்தில் போலி விபத்து வழக்குகள் குவிந்து, 2015-இல் அலகாபாத் உயர் நீதிமன்ற உத்தரவின்படி சிறப்புப் புலனாய்வுக் குழு அமைந்தது. 2021-இல் விவகாரம் உச்ச நீதிமன்றத்தில் நின்றபோது வக்கீல்கள் மீதே நடவடிக்கை பாய்ந்தது. இப்படி ஒரு வழக்கில் மாட்டினால் வக்கீலோடு மனுதாரரும் சேர்ந்துதான் குற்றவாளிக் கூண்டில் நிற்பார். உண்மையாகவே கால் உடைந்தவர் என்பது அப்போது உதவாது.

இன்சூரன்ஸ்காரருக்குத் தெரியும்

ஒரு மாவட்ட நீதிமன்றத்தில் எந்த வக்கீல் எப்படி வழக்கு நடத்துவார் என்பதை மிகத் துல்லியமாக அறிந்தவர் யார்? எதிர்த்தரப்பில் உட்கார்ந்திருக்கும் இன்சூரன்ஸ் கம்பெனியின் பேனல் வக்கீல். வாரத்தில் பல நாள் அதே நீதிமன்றத்தில், அதே வக்கீல்களுக்கு எதிராக நிற்கிறார். இவர் டாக்டரைக் கூப்பிட்டு விசாரிப்பார், இவர் மேல்முறையீடு வரை போவார், இவர் அடுத்த மக்கள் நீதிமன்றத்தில் சொன்ன தொகைக்கு முடித்துக்கொள்வார் என்பது அவருக்கு மனப்பாடம். கம்பெனி சமரசத்துக்கு என்ன தொகை சொல்லும் என்பது காயத்தை மட்டும் பார்த்து முடிவாவதில்லை. எதிரே நிற்கும் வக்கீலையும் பார்த்து முடிவாகிறது. வக்கீலின் கடந்த காலம் தெரியாமல் அந்த அறையில் உட்கார்ந்திருப்பவர் காயம்பட்டவர் ஒருவர்தான்.

இதை அறிய இன்று வழி இருக்கிறது, செலவும் இல்லை. இ-கோர்ட்ஸ் என்ற அரசு இணையதளமும் அதன் செயலியும் மாவட்ட நீதிமன்ற வழக்குகளை யார் வேண்டுமானாலும் தேட விடுகின்றன. கட்சிக்காரர் பெயர், வழக்கு எண், எஃப்.ஐ.ஆர். எண், வக்கீல் பெயர் என்று பல வழிகளில் தேடலாம். மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் மூன்றையும் தேர்ந்தெடுத்து, வக்கீல் பெயரை இட்டு, ‘முடிந்த வழக்குகள்’ என்பதைத் தொட்டால் பட்டியல் விரியும். தமிழ்நாட்டில் மோட்டார் விபத்து மனுக்கள் எம்.சி.ஓ.பி. என்ற எழுத்துகளோடு வரும். ஒரே பெயரில் பத்து வக்கீல் இருக்கும் ஊர் நம்முடையது. அதனால் பார் கவுன்சில் பதிவு எண்ணைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. எம்.எஸ். என்று தொடங்கி, எண்ணும் ஆண்டும் சேர்ந்து வரும் அது. பதிவான ஆண்டு அதிலேயே இருப்பதால், ‘இருபது வருஷ அனுபவம்’ என்பதையும் அங்கேயே சரிபார்த்துவிடலாம். செயலியை இயக்க வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை போதும்.

பட்டியலில் எத்தனை வழக்கு என்று எண்ணி மயங்க வேண்டாம். முந்நூறு எம்.சி.ஓ.பி. வைத்திருப்பவரிடம் உங்கள் கட்டைத் திறந்து பார்ப்பது பெரும்பாலும் குமாஸ்தாவாகவோ, போன வருஷம் பதிவு செய்த ஜூனியராகவோ இருக்கும். பெரிய தொகையைப் பார்த்தும் மயங்க வேண்டாம். ஒன்றரைக் கோடி வாங்கித் தந்தார் என்றால், இறந்தவர் மாதம் ஒன்றரை லட்சம் வாங்கிய சாஃப்ட்வேர் எஞ்சினியராக இருந்திருக்கலாம். சம்பளச் சீட்டும் வருமான வரித் தாளும் தாமாகவே பேசியிருக்கும். சம்பளச் சீட்டு இல்லாத காய்கறி வியாபாரிக்கும் ஆட்டோ ஓட்டுநருக்கும் வீட்டைக் கவனித்துக்கொண்ட பெண்ணுக்கும் அவர் என்ன வாங்கித் தந்தார் என்பதில்தான் வக்கீலின் உழைப்பு தெரியும். 2014-இல் ஒரு காய்கறி வியாபாரிக்கு மாதம் 6,500 ரூபாய் வருமானம் என்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2021-இல் இல்லத்தரசியின் வீட்டு வேலைக்குப் பணமதிப்பு வைத்தே ஆக வேண்டும் என்று வலியுறுத்தியது. இந்தத் தீர்ப்புகளைத் தம் கட்சிக்காரருக்காக எடுத்து வைத்தவரா அவர் என்பதே கேள்வி.

அதற்கு ஒன்றிரண்டு தீர்ப்பு நகல்களைப் படிக்க வேண்டும். பயப்பட ஒன்றுமில்லை, முழுவதையும் படிக்க வேண்டியதில்லை. முதல் பக்கத்தில் மனு தாக்கலான ஆண்டையும் தீர்ப்புத் தேதியையும் பாருங்கள். எத்தனை வருஷம் இழுத்தது என்று தெரிந்துவிடும். பிறகு நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். சாட்சிகள் பட்டியலும் சான்றாவணங்கள் பட்டியலும் அங்கேதான் இருக்கும். சாட்சியாக மனுதாரர் ஒருவர் மட்டும், ஆவணமாக எஃப்.ஐ.ஆர்., காயச் சான்று, ஆதார் அட்டை மட்டும் என்றால், அந்த வக்கீல் மனுவைப் போட்டுவிட்டு வாய்தா வாங்கிக்கொண்டிருந்தவர். நேரில் பார்த்த சாட்சி, வேலை கொடுத்தவர், சிகிச்சை செய்த டாக்டர், மருத்துவப் பதிவேட்டைக் கொண்டுவந்த ஊழியர் என்று பட்டியல் நீண்டால், அவர் வழக்கை நடத்தியவர். நடுவில் தொகை பிரித்துக் காட்டும் அட்டவணை இருக்கும். அதில் எதிர்கால வருமான உயர்வு சேர்ந்திருக்கிறதா, பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் தனித்தனியாக உறவிழப்புத் தொகை இருக்கிறதா என்று பார்க்கலாம். 2017-இல் பிரணய் சேத்தி வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு உறவிழப்புக்கு 40,000 என்று வைத்து, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை 10 சதவீதம் ஏற்றச் சொன்னது. 2018-இல் வந்த இன்னொரு தீர்ப்பு, மனைவிக்கு மட்டுமின்றிப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் அது உண்டு என்றது. 2023-க்குப் பிறகு வந்த தீர்ப்பில் இன்னும் மனைவிக்கு மட்டும் 40,000 என்று இருந்தால், கேட்க வேண்டியவர் கேட்கவில்லை.

மனுவில் கோரிய தொகையைப் பார்க்கவே வேண்டாம். ஐம்பது லட்சம் என்று எழுத மை மட்டும் போதும். சரியான இழப்பீடு என்று பட்டால் கோரியதற்கு மேலேயே கொடுக்கலாம் என்று 2002-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கால் போனவருக்கு எத்தனை சதவீதம்?

இறப்பு வழக்குகளில் சூத்திரம் ஓரளவு நிலைபெற்றுவிட்டது. 2009-இன் சரளா வர்மா தீர்ப்பு பெருக்கு எண்களுக்கு அட்டவணை போட்டுவிட்டது. பிரணய் சேத்தி தீர்ப்பு மீதியை நிரப்பிவிட்டது. வக்கீலுக்கு வக்கீல் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் தெரிவது உயிர் பிழைத்தவர்களின் வழக்கில்தான்.

35 வயது லாரி டிரைவருக்கு வலது கால் முட்டியில் நிரந்தரப் பாதிப்பு. மருத்துவக் குழு 40 சதவீத ஊனம் என்று சான்று கொடுக்கிறது. இங்கே இரண்டு பாதைகள் இருக்கின்றன. ஒன்று, நம் தீர்ப்பாயங்களில் வெகுகாலமாகப் புழங்கும் சதவீதக் கணக்கு: ஒரு சதவீதத்துக்கு இத்தனை ரூபாய். சதவீதத்துக்கு 4,000 என்று வைத்தால் 1,60,000 ரூபாய். மற்றொன்று, அந்தக் காலால் இனி லாரி ஓட்ட முடியுமா, சம்பாத்தியத்தில் எவ்வளவு போயிற்று என்று பார்க்கும் பெருக்கு எண் கணக்கு. மாத வருமானம் 15,000, எதிர்கால உயர்வோடு 21,000, ஆண்டுக்கு 2,52,000, பெருக்கு எண் 16, இழப்பு 40 சதவீதம் என்றே வைத்தாலும் 16,12,800 ரூபாய். ஒரே கால், ஒரே சான்றிதழ், பத்து மடங்கு வித்தியாசம்.

இரண்டாவது பாதைக்கான சாவி 2010-இல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்தது. உடல் ஊனத்தின் சதவீதமும் சம்பாதிக்கும் திறன் போன சதவீதமும் ஒன்றில்லை என்றது அந்தத் தீர்ப்பு. இடது கையை இழந்தவர் டிரைவராகவோ தச்சராகவோ இருந்தால் அவருடைய தொழிலே போய்விட்டது, ஏறக்குறைய நூறு சதவீத இழப்பு. அரசு எழுத்தராக இருந்தால் சம்பளம் அப்படியே தொடரலாம் என்று உதாரணமும் சொன்னது. இதை வாதமாக வைத்தால் மட்டும் போதாது. டாக்டரைக் கூண்டில் ஏற்றி, இவரால் கிளட்ச் மிதிக்க முடியுமா, உட்கார்ந்து எழ முடியுமா என்று கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். கனரக வாகன உரிமத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். பழைய முதலாளியை அழைத்து, வேலையிலிருந்து நிறுத்திவிட்டேன் என்று சொல்லவைக்க வேண்டும். டாக்டரை வரவழைப்பதற்குச் செலவும் அலைச்சலும் உண்டு. அதனாலேயே பல வழக்குகளில் அந்தச் சாட்சி வருவதில்லை, சதவீதக் கணக்கோடு கதை முடிகிறது.

ஆகவே, காயம்பட்டவர் ஒரு வக்கீலிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “எவ்வளவு சார் கிடைக்கும்?” என்பதாக இருக்க வேண்டியதில்லை. அதற்கு முதல் நாளே தொகை சொல்கிறவர் கதை சொல்கிறார். “சதவீதக் கணக்கா, மல்டிபிளையரா? நீங்கள் மல்டிபிளையர் வாங்கிய தீர்ப்பு ஒன்றைக் காட்ட முடியுமா?” என்று கேளுங்கள். காட்ட முடிந்தவர் சந்தோஷமாகவே காட்டுவார். அவரை யாரும் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள்.

அவர் உங்களிடம் என்ன கேட்கிறார் என்பதையும் கவனியுங்கள். நல்ல வக்கீல் முதல் சந்திப்பிலேயே ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டின் நகலைக் கேட்பார். சேர்க்கும்போது பதற்றத்தில் யாரோ ‘வண்டியிலிருந்து தானாக விழுந்தார்’ என்று சொல்லி, அது அப்படியே பதிவாகியிருந்தால், மூன்று வருஷம் கழித்து இன்சூரன்ஸ் தரப்பு அந்த ஒரு வரியை வைத்தே மனுவைச் சாய்க்கும். போலீஸ் போட்ட வரைபடத்தையும் மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கையையும் பார்ப்பார். தப்பு உங்கள் மீதும் கொஞ்சம் இருக்கிறதா, பைக்கில் மூன்று பேர் போனீர்களா, ஹெல்மெட் இருந்ததா என்று சங்கடமான கேள்விகளைக் கேட்பார். சங்கடப்படுத்தாத வக்கீலைத்தான் நம்ப யோசிக்க வேண்டும். கோஹர் முகமது வழக்கில் 2022 டிசம்பரில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி, விபத்து நடந்த 48 மணி நேரத்தில் முதல் அறிக்கையும் 90 நாளில் விரிவான அறிக்கையும் காவல்துறை தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த அறிக்கையில் என்ன போகிறது என்பதை அப்போதே கண்காணிக்கும் வக்கீலுக்கும், எல்லாம் முடிந்து நகல் வாங்கிப் படிக்கும் வக்கீலுக்கும் வித்தியாசம் உண்டு.

தேடலுக்குக் காலம் நிறைய இல்லை. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்ற கெடு மறுபடி வந்திருக்கிறது. அதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. அதை நம்பித் தாமதிப்பது புத்திசாலித்தனம் இல்லை. அதே நேரம், கட்டு பிரிக்கும் முன்பே வார்டில் வைத்து வெற்று வக்காலத்தில் கையெழுத்துப் போட வேண்டிய அவசரமும் இல்லை. விபத்து நடந்த ஊரில்தான் வழக்குப் போட வேண்டும் என்றும் இல்லை. நீங்கள் குடியிருக்கும் ஊர்த் தீர்ப்பாயத்திலும் போடலாம். விழுப்புரம் அருகே அடிபட்ட தென்காசிக்காரர், விழுப்புரத்தில் முதலில் கண்ணில் பட்ட வக்கீலோடு ஆயுள் பந்தம் வைத்துக்கொள்ளத் தேவையில்லை.

ஃபீஸ் என்னும் இருட்டறை

பங்கு பேசுவது விதிப்படி தவறு என்று சொன்னேன். நடைமுறையில் ‘பர்சன்ட் கேஸ்’ என்ற சொல் கோர்ட் வாசல் டீக்கடை வரை புழங்குகிறது. இதில் எனக்கு இரண்டு மனம். முன்பணம் கொடுக்க முடியாத குடும்பத்துக்கு, வழக்கு முடியட்டும் என்று காத்திருக்கும் வக்கீல் ஒரு வசதிதான்; அந்த வசதி இல்லாவிட்டால் பல வழக்குகள் நீதிமன்றப் படியையே ஏறியிருக்காது. ஆனால் சட்டம் ஒப்பாத பேச்சு என்பதால் அது காகிதத்தில் வருவதில்லை. காகிதத்தில் இல்லாததால், ஆரம்பத்தில் பத்து என்று கேட்டது கடைசியில் முப்பதாக நிற்கும்போது கட்சிக்காரரிடம் ஆதாரம் இல்லை. ஃபீஸை ரூபாயாகப் பேசி, தவணையாகக் கொடுப்பதாக எழுதி வாங்கிக்கொள்வதே இருவருக்கும் பாதுகாப்பு. அதில் டாக்டர் சாட்சிச் செலவு யாருடையது, உயர் நீதிமன்ற மேல்முறையீடு சேர்ந்ததா தனியா என்பவையும் வர வேண்டும்.

பணமே கொடுக்க முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் தருகிறது. கணவரை இழந்த பெண் வழக்குப் போட ஒரு காசு கொடுக்க வேண்டியதில்லை. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அந்த அலுவலகம் இருக்கும். அங்கே கிடைக்கும் பட்டியல் வக்கீலையும் இதே இ-கோர்ட்ஸ் சல்லடையில் போட்டுப் பார்க்கத் தடை ஏதுமில்லை. மோதிய வண்டி நிற்காமல் போய், கண்டுபிடிக்கவே முடியாத வழக்கு என்றால் வக்கீலே தேவைப்படாது. 2022-இன் திட்டப்படி இறப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000. கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் நிலையில் உள்ள விசாரணை அலுவலரிடம் விண்ணப்பம் கொடுத்தால் போதும். இதற்கும் பங்கு கேட்டு வருகிறவர்கள் உண்டு.

சமரசம் பற்றி ஒரு வார்த்தை. மக்கள் நீதிமன்றத்தில் முடித்துக்கொள்ளும் வக்கீலெல்லாம் மோசம் என்று சொல்ல வரவில்லை. அங்கே போடும் உத்தரவுக்கு மேல்முறையீடு கிடையாது. அதுவே லாபம்: கம்பெனி உயர் நீதிமன்றம் போய் இழுக்க முடியாது, பணம் சீக்கிரம் வரும். அதுவே நஷ்டமும்: குறைவாக ஒப்புக்கொண்டுவிட்டோம் என்று பிறகு தெரிந்தால் உங்களுக்கும் வழியில்லை. வக்கீலின் முடிந்த வழக்குப் பட்டியலில் எல்லாமே மக்கள் நீதிமன்றத்தில் முடிந்தவை என்றால், அவர் விசாரணைக்குத் தயாரில்லாதவர் என்று கம்பெனிக்குத் தெரியும், அதற்கேற்ற தொகைதான் சொல்லும்.

தேர்வு தப்பிப் போனால் மாற்றிக்கொள்ளலாமா? மாற்றலாம். ஃபீஸ் பாக்கி இருக்கிறது என்பதற்காக வழக்குக் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள வக்கீலுக்கு உரிமை இல்லை என்று 2000-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பழைய வக்கீல் ஆட்சேபமில்லை என்று எழுதிக் கொடுக்க மறுத்தாலும், நீதிமன்ற அனுமதியோடு புதியவர் வக்காலத்து போடலாம். ஆனால் மோசமாக நடத்திய வழக்குக்காக நுகர்வோர் நீதிமன்றம் போக முடியாது. வக்கீல் தொழில் அந்தச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் முடிவு செய்துவிட்டது. தவறான நடத்தை என்றால் பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். அது வக்கீலைத் தண்டிக்கலாம்; போன பத்து லட்சத்தைத் திருப்பித் தராது.

தீர்ப்புக்குப் பிறகு

தீர்ப்பு வந்ததும் இனிப்புக் கொடுத்துவிட்டு, பிறகு அலைய விடும் வக்கீல்கள் உண்டு. தீர்ப்பு வேறு, பணம் வேறு. எதிர்த்தரப்பு 90 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். தொகை போதாது என்று நீங்களும் செய்யலாம். தென்மாவட்டத்தவர்களுக்கு மதுரைக் கிளை. அங்கே வழக்கு சி.எம்.ஏ. என்ற எண்ணில் ஓடும். உங்கள் வக்கீல் அங்கே யாரிடம் கொடுப்பார், அவருடைய முந்தைய சி.எம்.ஏ. தீர்ப்புகளில் தொகை கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்பதும் உயர் நீதிமன்ற இணையதளத்தில் இருக்கும் செய்திதான்.

மோதியது அரசுப் பேருந்து என்றால் கதை இன்னொரு சுற்று நீளும். தனியார் வண்டிகளுக்குக் கட்டாயமான மூன்றாம் நபர் இன்சூரன்ஸிலிருந்து அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் விலக்குப் பெறச் சட்டம் இடம் தருகிறது. அப்படி விலக்குப் பெற்ற கழகம் இழப்பீட்டைத் தன் கையிலிருந்துதான் தர வேண்டும். தாமதமானால் இ.பி. எனப்படும் நிறைவேற்று மனு போட வேண்டும். கோர்ட் அமீனா பஸ் ஸ்டாண்டில் நின்று அரசுப் பேருந்தை ஜப்தி செய்வதும், பயணிகள் இறங்கி வேறு பஸ் தேடுவதும் நம் நாளிதழ்களில் அடிக்கடி வரும் படம். அந்தப் படத்துக்குப் பின்னால், தீர்ப்போடு நிறுத்தாமல் நிறைவேற்று மனுவையும் விடாமல் நடத்திய ஒரு வக்கீல் இருக்கிறார். அரசுப் பேருந்து வழக்கு வைத்திருப்பவர்கள் வக்கீலிடம் கேட்க வேண்டியது, இதுவரை எத்தனை இ.பி. முடித்திருக்கிறார் என்பதை.

கடைசியாக, டெபாசிட் ஆன பணம். முன்பெல்லாம் செக் பெட்டிஷன் போட்டு, செக் வாங்கி, அது யார் கையில் வந்து எப்படி உடைந்தது என்று கட்சிக்காரருக்கே தெரியாமல் போனது உண்டு. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், இழப்பீட்டுத் தொகையை நேரடியாக மனுதாரரின் வங்கிக் கணக்குக்கே அனுப்ப வழி செய்யும்படி சொல்லியிருக்கிறது. வக்கீல் கணக்கு வழியாக வர வேண்டிய அவசியம் இல்லை. மைனர் பிள்ளைகளின் பங்கு, அவர்கள் மேஜராகும் வரை வங்கியில் நிரந்தர வைப்பாக இருக்கும். அந்த ரசீது யாரிடம் இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாஸ்புக்கையும் கையெழுத்துப் போட்ட செக் புத்தகத்தையும் ‘வசதிக்காக’ ஆபீஸிலேயே வைத்துவிட்டுப் போகும்படி யாராவது சொன்னால், எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.